நாலாவது தெருவின் நீளம்

தாம்பரத்துக்குத் தெற்கே, பஸ் தன் பலகையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்த வழியே போய்விடுகிற புதுத்தாங்கலில், செல்லியம்மன் கோயில் நாலாவது தெரு என்று ஒன்று உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த வருஷத்துச் சித்திரையில், ஒரு வியாழக்கிழமை, பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள், அந்தத் தெரு ஒரு வீட்டளவு நீண்டது.

முதலில் பார்த்தவள் வேதநாயகி டீச்சர். அரசு நடுநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக நாலாம் வகுப்பு எடுக்கிறவள், வருகைப் பதிவேட்டில் இதுவரை ஓர் அடித்தல் திருத்தல் விழாதவள். கணக்கெடுப்பு வேலையில் அவளுக்குக் கிடைத்த பகுதி இந்தத் தெரு. புதன்கிழமை பிள்ளையார் முனையில் தொடங்கி, இடது பக்கம் ஒற்றைப்படை, வலது பக்கம் இரட்டைப்படை என்று ஒவ்வொரு வாசலிலும் எண் எழுதி, அறுபத்திரண்டாம் வீட்டில் முடித்து, அதற்கப்பால் தார் ரோடு நின்றுபோய் வேலிகாத்தான் புதர் தொடங்குவதைப் படத்தில் குறித்து, கீழே ஒரு கோடு போட்டு மூடிவிட்டுத்தான் போயிருந்தாள். வியாழக்கிழமை படிவங்களோடு வந்தால் அறுபத்து மூன்றாவதாக ஒரு வீடு நின்றது. வெளிர்பச்சைச் சுண்ணாம்பு அடித்த ஒற்றை அறை, எதிரெதிராக இரண்டு ஜன்னல், ஏறிப் போக இரண்டு படி. உள்ளே ஒரு பெண் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கயிறு கட்டிய பெட்டி ஒன்றின் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தான்.

"நேத்து இந்த வீடு இங்க இல்லையே," என்றாள் டீச்சர்.

"நேத்து நாங்களும் இங்க இல்லைங்க," என்றான் அவன்.

செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். ஸ்டேஷனில் இறங்கி எங்கேயாவது இடம் இருக்குமா என்று கேட்டுக்கொண்டே நடந்து வந்தார்களாம், தெரு முடிகிற இடத்தில் கதவு திறந்திருந்ததாம், உள்ளே யாரும் இல்லையாம், அதனால் நுழைந்துவிட்டார்களாம். குழாய் இருந்தது, குழாயில் தண்ணீர் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் புது வீடு தெருவின் மற்ற வீடுகளைப் போலத்தான் இருந்தது. டீச்சர் அவர்கள் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு, வாசலில் 63 என்று போட்டுவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை வந்தபோது 64, 65, 66 நின்றன.

அப்படியே நீண்டது. ஒரு நாள் மூன்று வீடு, ஒரு நாள் நான்கு, பள்ளி விடுமுறை விட்ட வாரத்தில் ஒரே நாளில் ஒன்பது. ராத்திரி வண்டி பிடித்து விடிகாலையில் வந்திறங்கியவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், நர்ஸ் வேலை கிடைத்து வந்த அக்கா தங்கைகள், படிப்பை முடித்துவிட்டு ஊரில் உட்கார்ந்திருக்க முடியாதவர்கள், ஒடிசாவிலிருந்தும் ஓங்கோலிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் மூட்டையோடு வந்தவர்கள் என்று எத்தனை பேர் வந்தார்களோ அத்தனைக்கும் வெளிர்பச்சை வீடு ஒன்று, இரண்டு படியோடும் இரண்டு ஜன்னலோடும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. வேலிகாத்தான் புதர் அதற்கேற்றபடி பின்னால் போய்க்கொண்டே இருந்தது. புதரை வாங்கிப் போட்டிருந்தவர் பதறிப்போய் சர்வேயரைக் கூட்டிவந்து மூன்று தடவை அளந்து பார்த்தார். அவருடைய நிலத்தில் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. சர்வேயர் "குறைவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வாங்கிக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

தெருவுக்கு இது பழகிவிட்டது. பால்காரர் அரைமணி முன்னால் கிளம்பினார், பிறகு ஒரு மணி முன்னால் கிளம்பினார், பிறகு மைத்துனரையும் சேர்த்துக்கொண்டார். பிள்ளையார் முனையில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோக்கள் தெருவுக்குள்ளேயே மூன்று நிறுத்தம் வைத்துக்கொண்டன. சித்திரையில் ஒரே சாயங்காலத்தில் தெருவைச் சுற்றி முடித்த செல்லியம்மனுக்கு ஆனியில் மூன்று நாள் தேவைப்பட்டது. முதல் நாள் நூற்றுப் பத்தாம் வீட்டில் இளைப்பாறிய அம்மன், இரண்டாம் நாள் இருநூற்று அறுபதாம் வீட்டில் ஒரு தெலுங்குக் குடும்பம் செய்து வைத்த புளிசாதத்தை ஏற்றுக்கொண்டு, மூன்றாம் நாள் தெருக்கோடியைத் தொட்டபோது, அங்கே அன்று காலைதான் குடிவந்த ஒரு பெண் தட்டில் வைக்க வேறொன்றும் இல்லாமல் ரயிலில் வாங்கிய கொய்யாப்பழத்தை வைத்தாள்.

சந்தோஷப்படாதவர் ஒருவர் இருந்தார். பதினாலாம் நம்பர் ஏகநாதன். பீரோ செய்கிற பட்டறை வைத்திருப்பவர், தெரு நலச்சங்கத்தின் தலைவர், பழைய அறுபத்திரண்டு வீட்டுக்கும் விளக்குக் கம்பமும் வாரம் இரண்டு தண்ணீர் லாரியும் வருவதற்குப் பதினைந்து வருஷம் மனு எழுதியவர். அந்த லாரி இப்போது தொண்ணூறாவது வீட்டிலேயே காலியானது. குடத்தோடு ஓடி வருகிற கூட்டத்தில் பழைய ஆட்களுக்கே பாதி நாள் கிடைப்பதில்லை. சாக்கடை நிரம்பிப் பிள்ளையார் முனையில் தேங்கியது. வருகிறவர்கள் கெட்டவர்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இருக்கிற தண்ணீர் இவ்வளவுதான் என்றுதான் சொன்னார். அது பொய்யும் இல்லை.

ஏகநாதனின் மனைவி இறந்து ஏழு வருஷம். பக்கத்து வீடு, பதினாறாம் நம்பர், அவருடைய தங்கை குணவதியுடையது; அவளும் தனிதான், ரவிக்கை தைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு சமையலறை ஜன்னலும் ஒன்றையொன்று பார்த்திருந்தன. மத்தியானம் பன்னிரண்டரைக்கு அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் அவர் இந்தப் பக்கம் கையை நீட்டி ரசக் கிண்ணத்தை வாங்கிக்கொள்வார். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு அதிகம் இருந்ததில்லை, தேவைப்பட்டதும் இல்லை.

ஆடி பிறந்தபோது வீடுகள் நானூற்றுப் பன்னிரண்டு. சங்கக் கூட்டத்தில் ஏகநாதன் எழுந்து, இனிமேல் தாங்காது, தெருக்கோடியில் சுவர் வைத்துவிடலாம் என்றார். பழைய வீட்டுக்காரர்கள் பாதிப்பேர் தரையைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார்கள். குணவதி கையைத் தூக்கவில்லை. தெருக்கோடியில் இருந்தவர்கள் தடுக்கவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை. கொத்து வேலை தெரிந்தவர்கள் எல்லாம் அந்தக் கோடியில்தான் இருந்தார்கள் என்பதால் அவர்களையேதான் கூப்பிட்டார்கள். தங்களுக்குப் பின்னால் வரவிருப்பவர்களின் வழியை, ஏழடி உயரத்துக்கு, நூல் பிடித்து, சாந்து பூசி, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி அடைத்துக் கொடுத்தார்கள்.

மறுநாள் தெருக்கோடியில் வீடு முளைக்கவில்லை. ஏகநாதன் காலையிலேயே போய்ப் பார்த்துத் திருப்தியாகத் திரும்பினார். மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஜன்னலைத் திறந்து கையை நீட்டினார். எதிரே வெளிர்பச்சைச் சுவர், அதில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் தலை வாரிக்கொண்டிருந்த, அவர் இதுவரை பார்த்திராத ஒரு பெண்.

அவள் பெயர் சஞ்சுக்தா, ஒடிசாக்காரி. புருஷன் திபாகர் டைல்ஸ் ஒட்டுகிறவன், ஒரு பெண்குழந்தை. அவளுடைய இன்னொரு ஜன்னல் வழியாகக் குணவதி நீட்டிய கிண்ணத்தை என்னவென்று தெரியாமல் வாங்கி, முகர்ந்து பார்த்து, எதிர் ஜன்னலில் நீண்டிருந்த கையைப் பார்த்து, விஷயத்தைப் புரிந்துகொண்டு, அந்தக் கையில் வைத்துவிட்டு மீண்டும் தலை வாரப் போனாள்.

அடுத்த நாள் பதினாலுக்கும் பதினாறுக்கும் நடுவில் மூன்று வீடு. அந்த வார முடிவில் பன்னிரண்டு. அங்கே மட்டும் அல்ல. பழைய அறுபத்திரண்டு வீட்டுக்கும் இடையில் எங்கெங்கே இரண்டு சுவர் ஒன்றையொன்று பார்த்ததோ அங்கெல்லாம் தெரு விரிந்து இடம் கொடுத்தது. மாமியாரும் மருமகளும் ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில் ஆனார்கள்; அதில் சிலருக்கு வருத்தமும் இல்லை. டீச்சர் பதினாலுக்கும் பதினாறுக்கும் நடுவில் என்ன எண் போடுவது என்று யோசித்து, 14-அ, 14-ஆ என்று தொடங்கி, உயிரெழுத்து பன்னிரண்டையும் தீர்த்து, 14-ஔ வாசலில் நின்று, இன்னொரு வீடு வந்தால் ஆய்த எழுத்துதான் என்று கவலைப்பட்டாள். சஞ்சுக்தாவின் குழந்தை தமிழில் கற்றுக்கொண்ட முதல் எழுத்து தன் வீட்டு வாசலில் இருந்தது. அப்புறம் தினமும் ஒரு வாசலாகப் போய் மற்ற பதினொன்றையும் கற்றுக்கொண்டது.

வைத்த சுவரை எடுக்கிற ஆள் இல்லை ஏகநாதன். ஆனால் தினமும் பன்னிரண்டரைக்குக் கிண்ணம் வந்துகொண்டிருந்தது, குணவதியின் ஜன்னலிலிருந்து ஔவுக்கு, ஔவிலிருந்து ஓவுக்கு, அப்படியே ஜன்னல் மாற்றி ஜன்னல், கை மாற்றிக் கை, பன்னிரண்டு அடுப்படியைக் கடந்து. ஒருத்தி பார்த்துவிட்டு மிளகு போதாது என்று தட்டிப் போட்டாள். ஒருத்தி முருங்கைக்கீரை இரண்டு இணுக்குச் சேர்த்தாள். சங்கரன்கோயில்காரர்கள் கிண்ணத்தின்மேல் ஓர் அப்பளத்தை வைத்து மூடினார்கள். ஓங்கோல்காரி ஒரு கரண்டிப் பருப்பைக் கொட்டினாள். வெள்ளிக்கிழமைகளில் ரசமாகப் புறப்பட்டது சாம்பாராக வந்து சேர்ந்தது. கடைசியாக சஞ்சுக்தா, அவளுக்கு என்ன தோன்றுமோ அதை, ஒருநாள் வறுத்த உருளைக்கிழங்கையும் ஒருநாள் ஒரு துண்டு வெல்லத்தையும், ஓரத்தில் வைத்துக் கொடுத்தாள். ஏகநாதன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சாப்பிட்டார். அந்த ஆடியில் அவர் சட்டை கொஞ்சம் இறுகியது.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்குக் கிண்ணம் வரவில்லை. ஒரு மணிக்குச் சேதிதான் வந்தது. குணவதி ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து எதையோ எடுக்கப்போய்க் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள் என்பதுதான் ஔ வீட்டுக்குச் சொல்லப்பட்ட சேதி. அது ஜன்னல் வழியாகத் தெலுங்கில் நுழைந்து, தென்காசித் தமிழில் வெளியேறி, இந்தியில் கொஞ்ச தூரம் போய், ஒடியாவில் திரும்பி, சஞ்சுக்தாவின் புதுத் தமிழில் ஏகநாதனிடம் வந்தபோது, "தங்கச்சி விழுந்துட்டா, எழுந்திரிக்கல" என்று ஆகியிருந்தது.

பனியனோடு ஓடினார். முன்பு ஒரு கை நீட்டினால் தொட்ட வீட்டுக்கு, பன்னிரண்டு வாசலைக் கடந்து, ஐம்பத்தெட்டு வயதில், மூச்சு வாங்க ஓட வேண்டியிருந்தது. ஓடும்போது ஒவ்வொரு வாசலிலிருந்தும் யாராவது ஒருவர் இறங்கிக் கூட ஓடிவந்தார்கள். ஒருவர் கையில் தைலம், ஒருத்தி கையில் வெந்நீர்ச் செம்பு, ஒருவர் எதற்கு என்று தெரியாமல் ஒரு குடை. பதினாறாம் நம்பருக்குள் நுழைந்தபோது ஏற்கனவே எட்டுப் பேர் உள்ளே இருந்தார்கள். 14-ஏ வீட்டு நர்ஸ் பெண் குணவதியின் காலை மடியில் வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். குணவதி டம்ளரில் யாருடைய காபியையோ குடித்துக்கொண்டிருந்தாள்.

ஏகநாதன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, கூட்டம் கலைந்தபின், இத்தனை வீட்டை நமக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தது யார் செய்த பாவம் என்று தெரியவில்லை என்றார்.

குணவதி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வர்றவங்க எங்கயாச்சும் இருக்கணும்ல அண்ணா. கடைசியில இடம் விட மாட்டேன்னு சொல்லிட்டே. அப்ப நடுவுலதானே வருவாங்க."

"தண்ணிக்கு என்ன பண்றது?"

"அது வேற கேள்வி. அதை நீ கேக்கவே இல்ல. சுவர் வைக்கலாமான்னுதான் கேட்ட."

அன்று சாயங்காலமே ஏகநாதன் பட்டறையிலிருந்து சம்மட்டியை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனார். இப்போது அது நடக்கிற தூரம் இல்லை. ஷேர் ஆட்டோவில் சம்மட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். முதல் அடியில் சுவர் அசையவில்லை, அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார்கள். கட்டியவர்களே வீட்டிலிருந்து கடப்பாரையோடு வந்து, எங்கே அடித்தால் விழும் என்று காட்டிக் கொடுத்தார்கள். இருட்டுவதற்குள் சுவர் போயிற்று. உடைந்த கல்லையெல்லாம் ஆளுக்கு நாலாகத் தூக்கிக்கொண்டு போய்ப் படிகளுக்கு முன்னால் பதித்துக்கொண்டார்கள். நடுவில் முளைத்த வீடுகள் முளைத்தபடியே இருந்தன. அவற்றை யாரும் திருப்பி அனுப்பக் கேட்கவில்லை. பன்னிரண்டரை மணிச் சாப்பாட்டுக்கு ஏகநாதனும் ஆசைப்பட்டிருக்கலாம்.

மறுநாள் காலை தெருக்கோடியில் நான்கு வீடு நின்றது. அந்தக் காலைதான் வேதநாயகி டீச்சர் தன் படத்தைச் சுருட்டிக்கொண்டு ஏகநாதனைத் தேடி வந்தாள். முப்பது தாளை ஒட்டிய படம் அது. பட்டறையில் விரித்தபோது மூன்று பீரோவின் நீளத்துக்கு வந்தது. நான்கு மாதமாகத் தினமும் எண் போட்டதில் அவள் கண்ணில் ஒன்று பட்டிருந்தது. நூற்று எண்பதாம் வீட்டுக்கு அப்பால் கொத்தனார்கள் ஒரு மணல் குவியலை வைத்துப் புழங்கிக்கொண்டிருந்தார்கள். தெரு அந்தக் குவியலைத் தொடாமல் தாண்டி அப்பால் போய் 181 என்று தொடங்கியிருந்தது. இன்னோர் இடத்தில் பிள்ளைகள் பந்து ஆடுகிற திடல், இன்னோர் இடத்தில் ஒரு பெண் ஆடு கட்டுகிற முளை, எல்லாவற்றையும் தெரு விலகிப் போயிருந்தது. யாரும் ஒன்றும் செய்யாத இடத்தில் மட்டும்தான் வீடு வைத்தது.

"இது என் வகுப்புப் பிள்ளைங்க மாதிரிதான்," என்றாள் டீச்சர். "முன்னாடியே எங்க உக்காரணும்னு சொல்லிட்டா உக்காந்துக்கும். சொல்லாம விட்டா ஒரே பெஞ்சுல பதினஞ்சு பேர் ஏறும்."

ஏகநாதன் படத்தைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். அப்படியானால் தெரு வருவதற்கு முன்னால் நாம் போகவேண்டும் என்றார். வாழ்நாள் முழுக்கத் தகட்டை வெட்டுவதற்குமுன் கோடு போட்டவர் அவர். கோடு தப்பினால் கதவு பொருந்தாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய வீட்டுக்காரர்களும் புது வீட்டுக்காரர்களும் கயிறும் சுண்ணாம்புத் தூளும் எடுத்துக்கொண்டு, தெரு முடிகிற இடத்தைத் தாண்டி, வேலிகாத்தானுக்குள் இருநூறு அடி நுழைந்தார்கள். எதற்கு இடம் விடுவது என்று அங்கேயே நின்று சண்டை போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மழைத்தண்ணீர் தங்க ஒரு குளம் வேண்டும் என்று திபாகர் சைகையும் சொல்லுமாகச் சொன்னான். அவன் ஊரில் வெள்ளம் பார்த்தவன். கல்யாண மண்டபம் வேண்டும் என்றவர்களுக்கும் ஆஸ்பத்திரி வேண்டும் என்றவர்களுக்கும் சண்டை முற்றிப்போய், நர்ஸ் அக்கா தங்கைகள், இரண்டும் ஒன்றுதான், கல்யாணம் ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரத்தானே போகிறீர்கள் என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி ஜெயித்தது. நலச்சங்கத்துக்கு ஓர் ஆபீஸ் வேண்டும் என்று ஏகநாதன் மெதுவாகச் சொன்னார். மரத்தடி போதும் என்றாள் குணவதி, கட்டுப்போட்ட காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி. ஆகவே ஆபீஸுக்குப் பதில் ஐந்து புங்கங்கன்று நட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்கென்று கயிறு கட்டிய இடத்துக்குத் தெரு புதன்கிழமை வந்து சேர்ந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் வீடு வைத்துவிட்டு நின்றது. வியாழன் நின்றது. வெள்ளி நின்றது. தெரு யோசிக்கிறது என்றார்கள் ஜனங்கள். சனிக்கிழமை காலை, வாசல் தெளிக்கிற நேரத்தில், கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஏழு வீடு நின்றது. கயிற்றுக்குள் ஒரு கைப்பிடி மண்கூட நகரவில்லை. சஞ்சுக்தாவின் குழந்தை அந்த வெற்றிடத்தின் நடுவே போய் நின்று பன்னிரண்டு எழுத்தையும் உரக்கச் சொல்லிவிட்டு வந்தது.

தெரு வீட்டைத்தான் கொடுத்தது. குளத்தையும் சாக்கடையையும் பள்ளிக்கூடத்தையும் அது கொடுக்கவில்லை. அதெல்லாம் ஆட்கள் வேலை. புதிதாக வருகிறவர்கள் மூட்டையை இறக்கிவைத்துக் காபி குடித்ததும், தங்கள் வாசலுக்கு முன்னால் எட்டடிக் கால்வாயை வெட்டிவிட்டு மறு வேலை பார்ப்பது என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஏகநாதன் மட்டப்பலகையோடு நின்று சரிவு பார்த்தார். குளத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் நூறு பேர், இருநூறு பேர் வந்தார்கள். கொத்து வேலை, டைல்ஸ் வேலை, சென்ட்ரிங் வேலை என்று இந்த மாநகரத்தில் அடுத்தவர்களுக்காகக் கட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் ஒரு நாள் தங்களுக்காகக் கட்டின. ஐப்பசி நெருங்கியபோது குளத்துக்கு நாலு பக்கமும் படி இருந்தது, தண்ணீர்தான் இல்லை.

மழை ஒரு திங்கட்கிழமை பிடித்து வியாழன்வரை விடவில்லை. தெருவில் எல்லோரும் வாசலில் நின்று கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையார் முனையில் வழக்கமாகத் தேங்குகிற தண்ணீர் ஒரு கணம் தயங்கிச் சுழன்றது, பிறகு கால்வாய்க்குள் இறங்கியது. எண்ணூறு வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக் கூரைத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு, குப்பையும் பூவும் ஒரு செருப்பும் மிதக்க, அது போன வேகத்தோடு கூடவே பிள்ளைகளும் பெரியவர்களும் குடையை மறந்துவிட்டு ஓடினார்கள். குளத்தில் முதல் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டபோது ஏகநாதன் சொட்டச் சொட்ட நனைந்து நின்றுகொண்டு, சரிவு சரியாக இருக்கிறது, சரிவு சரியாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். கார்த்திகையில், அதுவரை வறண்டு கிடந்த கைப்பம்புகள் எல்லாம் தண்ணீர் கொடுத்தன. லாரி வந்தால் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பினார்கள்.

மாசியில் மேலதிகாரியிடமிருந்து வேதநாயகி டீச்சருக்குக் கடிதம் வந்தது. எல்லாப் பகுதியும் முடிந்துவிட்டது, நாலாவது தெரு மட்டும் பாக்கி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஆள் எண்ணி முடிக்காவிட்டால் அந்தப் பகுதி கணக்கில் சேராது. கணக்கில் சேராவிட்டால் வெட்டவெளியில் ஓலைக்கொட்டகையில் நடக்கிற பள்ளிக்கு ஆசிரியர் வரமாட்டார். நர்ஸ் அக்கா தங்கைகள் இரண்டு பெஞ்சு போட்டு நடத்துகிற ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வரமாட்டார். பத்து வருஷத்துக்குக் கேட்பாரில்லை. டீச்சர் முப்பத்தொரு நோட்டு நிரப்பியிருந்தாள். ஆனால் அவள் எந்த வேகத்தில் எழுதிக்கொண்டு போனாளோ அதே வேகத்தில் தெருவும் போய்க்கொண்டிருந்ததால், ஒருநாளும் கோடியைப் பிடிக்க முடியவில்லை. சனிக்கிழமை மரத்தடியில் உட்கார்ந்து அவள் முதல் தடவையாக எல்லோர் முன்னாலும் அழுதாள்.

குணவதிதான் சொன்னாள். டீச்சர் ஏன் எண்ண வேண்டும், நாமே எண்ணிக்கொண்டால் ஆயிற்று. கிண்ணம் போகிற மாதிரி எண் போகட்டும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தெருவில் இருந்த அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். பிள்ளையார் முனையில் ஒன்றாம் நம்பர் வீட்டுத் தையல்மெஷின் மெக்கானிக் "ஒண்ணு" என்றார். அவர் மனைவி "ரெண்டு" என்றாள். எதிர்வீட்டுக்குத் தாண்டியது எண், மறுபடி இந்தப் பக்கம் தாண்டியது, உயிரெழுத்து வீடுகளுக்குள் புகுந்து வெளியே வந்தது, கைக்குழந்தைக்கு அம்மா சொன்னாள், காது கேட்காதவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தோளைத் தட்டினார். அவரவர் பாஷையில் எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு விரலால் காட்டினார்கள். எண்ணோடு கூடவே டீச்சர் ஷேர் ஆட்டோவில் நோட்டோடு போனாள். பின்னால் ஏகநாதன், கையில் ஒரு தகரத்தில் ஆணியால் நூறு நூறாகக் கீறிக்கொண்டே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டை நான்தான் சொன்னேன் என்று இரண்டு பெண்கள் சண்டை போட்டதில் இருபது பேர் பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. நிறைமாதக்காரி ஒருத்தி எனக்கு ஒன்றா இரண்டா என்று கேட்டாள். ஒன்றுதான், விதி அப்படி என்றாள் டீச்சர். அவள் வயிற்றைத் தடவி, உனக்கு அடுத்த தடவை என்று சொல்லிக்கொண்டாள். குளக்கரையில் எண் மூவாயிரத்தைத் தாண்டியது. பள்ளிக்கூடத்தருகில் பிள்ளைகள் கத்திய கத்தலில் நூறு எண் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

நாலு மணி நாற்பதுக்கு எண் தெருக்கோடிக்கு வந்தது. கடைசி வீட்டின் இரண்டு படிக்குக் கீழே ஒருவர் இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அப்போதுதான் நிறுத்தியிருந்தார். சிங்காரம் என்று பெயர், அறுபது வயதிருக்கும். வெளியூர்க்காரர் இல்லை, இந்த மாநகரத்தின் நடுவில் ஒரு பூவரச மரத்தடியில் நாற்பது வருஷம் துணி தேய்த்தவர். ரோட்டை அகலப்படுத்தியபோது மரம் போனது, பாலம் வந்தபோது அடுத்த இடம் போனது, மூன்றாவது இடம் போனபிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்துவிட்டார். தெருவே தன்னைப் பார்த்துத் திரும்பி நிற்பதைக் கண்டு, வழியை அடைத்துவிட்டோமோ என்று வண்டியை ஓரமாக நகர்த்தப் போனார்.

அவருக்கு முந்தின வாசலில் நின்ற பெண் "அய்யாயிரத்து இருநூத்தி அஞ்சு" என்று சொல்லிவிட்டு அவரை நோக்கி விரலைக் காட்டினாள்.

என்ன செய்யவேண்டும் என்று ஏகநாதன் அவர் காதருகில் குனிந்து சொன்னார். அவர் டீச்சரைப் பார்த்தார்.

"நான் சொல்லலாமாம்மா? நான் இப்பதான் வரேன்."

"உங்களுக்காகத்தான்யா எண்ணு நிக்குது," என்றாள் வேதநாயகி டீச்சர்.

அவர் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தப்பாகச் சொல்லிவிடக்கூடாதே என்று ஒவ்வொரு சொல்லாக, "அய்யாயிரத்து... இருநூத்தி... ஆறு" என்றார். டீச்சர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். எழுதி முடித்து அவள் தலையை அசைத்ததும், அந்த எண் வந்த வழியே திரும்பிப் புறப்பட்டது, வாசல் மாற்றி வாசல், பள்ளிக்கூடத்தைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, பன்னிரண்டு எழுத்தையும் தாண்டி, பிள்ளையார் முனைவரைக்கும். அங்கே கேட்டவர்கள் போட்ட ஆரவாரம் வீடு வீடாகச் சேர்ந்து பெரிதாகிக்கொண்டே திரும்பி வரப் பதினோரு நிமிஷம் பிடித்தது. அதற்குள் சிங்காரம் பெட்டியில் கரி போட்டு விசிறி, தேய்க்க ஏதாவது இருக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்திருந்தார். சத்தம் தெருக்கோடிக்கு வந்து சேர்ந்தபோது அவர் வண்டியில் பதினெட்டுச் சட்டையும் ஒரு பள்ளிச் சீருடையும் குவிந்திருந்தன. அவர் முதல் சட்டையின் காலரை நீவி மடித்துக்கொண்டிருந்தார்.